மீசைக்கு ஒரு ஆல்பம்

...பாத்தீங்களா தங்கச்சி, பாத்தீங்களா! கழுத்த ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு ஜன்னல் கண்ணாடியில மொகத்தப் பாக்குறத! அந்தா... டைவருக்குப் பின்னுக்கு, தொப்பி போட்டுக்கிட்டு, மீசைய நீவிக்கிட்டு... ஆமா, அந்த ஆளேதான். எங்க வீட்டுக்காரரு. ஆண்டியப்பன்னு பேரு. கொழும்புல பஸ் ஏறுனதுல இருந்து அங்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு. பேச்சு வார்த்த இல்ல. கோவமாம். கோவப்பட வேண்டியது யாரு? அவரா, நானா? நீங்களே சொல்லுங்க... இல்ல, இப்பச் சொல்லாதீங்க. கதையக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அந்தக் காதுல மாட்டியிருக்கிறதக் கொஞ்சம் கழட்டுங்கம்மா. ரெண்டு காதுலயும் மாட்டினா காது கெட்டுப் போகும்.

ஹட்டனுக்கா போறீங்க? நல்லதாப் போச்சு. நாங்க டிக்கோயா. அவிசாவளையில நீங்க ஏறும்போதே பாத்தேன், மொகம் நம்ம பக்கத்து மொகம்னு. இந்த எட்டியாந்தோட்ட தாண்டிட்டா வளைவு தொடங்கிரும். எனக்குப் பேசிக்கிட்டே வந்தாத்தான் தல சுத்தாது. பேசாம இருந்தா வாந்தி.

இந்த மனுசன் தோட்டத்து ஸ்டோர்ல லொறி ஓட்டினவரு. தேயிலப் பெட்டி, ஒரம், வெறகு... மழையோ பனியோ, கொழும்புக்கும் வருவாரு, உடப்புசல்லாவைக்கும் போவாரு. சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவாரு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல டைவர். பிறகு வயசாகிருச்சின்னு நிப்பாட்டிட்டாங்க. நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறத நிப்பாட்டின பிறகு நாலு மரக்கறி நட்டேன், ரெண்டு கோழி வளத்தேன், என் பாட்டுல இருந்துட்டேன். அவரு? காலையில எழும்பி சவரம் பண்ணி, சட்டைய மாட்டி, ரோட்டுக்குப் போயி நிப்பாரு. போற வார லொறியப் பாத்துக்கிட்டு. "என்னத்துக்கு நிக்கிறீங்க?"ன்னா, "சும்மா"ம்பாரு. பகல் சோத்துக்கு வந்து திரும்பவும் போயி நிப்பாரு.

அப்பிடி நிக்கிற நேரம் ஒரு வெள்ளக்காரம்மா வந்திருக்கா. கழுத்துல கேமரா. இவரு கையில ஒரு பலாக்கா. என் தங்கச்சி வீட்டுல குடுத்து விட்டது. அந்தம்மா இவரையும் பலாக்காயையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "மே ஐ?"ன்னு கேட்டுப் படம் புடிச்சிருக்கா. புடிச்சிட்டு, "யூ லைக் மாடல்"ன்னாளாம். அவ்வளவுதான். அவ ஏறிப் போயிட்டா. தல பூரா வெளிச்சமாகி இவரு வீட்டுக்கு வந்தாரு. பலாக்காய ரோட்டுலயே விட்டுட்டு வந்துட்டாரு தங்கச்சி! அத எந்த மாடு தின்னுச்சோ.

பிறகு ஹட்டன் டவுன்ல கல்யாண வீட்டுக்குப் படம் புடிக்கிற ஜீவராஜ்னு ஒரு தம்பி. இவரு போயி அவன்கிட்ட விசயத்தச் சொல்ல, அவனும், "மாமா, இப்ப வயசானவங்களுக்குத்தான் கிராக்கி. பேங்குக்காரன், கண்ணாடிக்காரன், மருந்துக்காரன் எல்லாம் நரச்ச மீசையத்தான் தேடுறான். போர்ட்போலியோ ஒண்ணு செஞ்சிருவோம்"ன்னுட்டான். இவரு வீட்டுக்கு வந்து கதவத் தொறக்க முந்தியே, "லெட்சுமி, எனக்குப் போர்ட்போலியோ வேணும்"ங்கிறாரு. எனக்குக் காதுல போலியோன்னுதான் விழுந்துச்சு. இந்த வயசுல என்னய்யா போலியோ, சொட்டு மருந்து சின்னதுல குடிக்கலையான்னு கேட்டேன். கேட்டது தப்பா? ரெண்டு நாள் மொகங்குடுத்துப் பேசல.

அது என்னான்னா... உங்களுக்குத் தெரியுமா இருக்கும், படிச்ச பிள்ள. ஒரு ஆளோட மொகத்த எல்லா மாதிரியும் படம் புடிச்சி, ஒரு ஆல்பமாக் கட்டி, கம்பனிக்காரங்களுக்குக் காட்டுறது. சிரிக்கிற மாதிரி, சிரிக்காத மாதிரி, பக்கவாட்டுல, நேராக்க, முழு ஒடம்பு, தோளு வரைக்கும்... நாங்க அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுக்கவே அந்தரப்படுவோம். இவருக்கு ஆல்பம்!

மொதல்ல கோட்டு. அடுத்த லயத்து வீட்டுக் கணேசமூர்த்தி அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தச்ச கோட்டு. அந்தப் பையன் மூங்கில் மாதிரி இருப்பான். இவருக்குப் பொத்தான் பூட்ட மாட்டேங்குது. முன்னுக்குப் பூட்டணும்னா முதுகக் கிழிக்கணும். ஜீவராஜ் முதுகுப் பக்கம் தையலப் பிரிச்சிட்டு, முன்னுக்கு அம்சமாப் பூட்டிப் படம் புடிச்சிட்டான். படத்துல பாத்தா பேங்கு மேனேஜரு. பின்னுக்கு வந்து பாத்தா உள்பனியன். அந்தக் கோட்ட நான்தானே தங்கச்சி திரும்பத் தச்சுக் குடுத்தேன், நூலு தெரியாம!

பிறகு டொக்டர். அதுக்கும் ஒரு வெள்ளக் கோட்டு, பாமசியில கேட்டு வாங்கிக்கிட்டாங்க. வெளிச்சம் நல்லாருக்குன்னு ஆஸ்பத்திரிப் பக்கமா ரோட்டோரமா நிப்பாட்டியிருக்கான் ஜீவராஜ். மேல் டிவிசன்ல இருந்து ஒரு பொம்பள வந்து, "ஐயா, இந்த முழங்காலக் கொஞ்சம் பாருங்க"ன்னு சேலையத் தூக்கிக் காட்டிருச்சு. நீங்களா இருந்தா என்னா சொல்லுவீங்க? நான் டொக்டர் இல்லம்மான்னு சொல்லுவீங்க. இவரு நல்லா அமுக்கிப் பாத்துட்டு, "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, குளுருல நிக்காதீங்க"ன்னு அனுப்பியிருக்காரு! இப்ப அந்தப் பொம்பள எங்க கண்டாலும் எனக்குக் கும்புடுது. டொக்டரம்மாவாம் நான்.

மலைக்குள்ளயும் போனாங்க, தேயிலச் செடிக்கு நடுவுல நின்னு தூரத்தப் பாக்குற மாதிரி. என்னத்தப் பாக்குறது தூரத்துல? பங்களாவ. மலை வேலையப் பாத்துக்கிற கண்டாக்கையா வந்து, "யாரக் கேட்டுய்யா கொழுந்து மலைக்குள்ள ஏறுன?"ன்னு சத்தம் போட, இவரு அப்பவும் அசையல. ஜீவராஜ் அசையாதீங்கன்னு சொல்லியிருந்தானாம்! வேல செஞ்ச காலத்துல கண்டாக்கையா கூப்புட்டா ஓடுன மனுசன் தங்கச்சி.

அதெல்லாம் விடுங்க, இறம்பொடையக் கேளுங்க. அங்க நீர்வீழ்ச்சிக்கு முன்னுக்கு நின்னு எடுக்கணும்னு விடியக் காலமே பஸ் ஏறிப் போனாங்க. சாரல்ல நனஞ்சி, தடுமல் புடிச்சி வந்தாரு. நான்தான் கொத்தமல்லி அவிச்சிக் குடுத்தேன். ஆல்பம் வந்து பாத்தா... அந்த நெசமான நீர்வீழ்ச்சிய அழிச்சிட்டு, வேற எந்த நாட்டு நீர்வீழ்ச்சியையோ கம்பியூட்டர்ல வச்சிருக்கான்! ஓரத்துல ரெண்டு அன்னம் வேற. ஏன்டா தம்பின்னு கேட்டேன். "இது இன்னும் நல்லாருக்கு மாமி"ங்கிறான். அப்ப அந்தத் தடுமல் எதுக்கு?

சிரிச்சிட்டீங்க! நல்லா சிரிங்க. நாந்தானே பட்டேன்.

ராவாச்சுன்னா கண்ணாடி முன்னுக்கு நின்னு சிரிச்சிப் பழகுவாரு. சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, பேரப்பிள்ளையப் பாத்த சிரிப்பு. நமக்குப் பேரப்பிள்ள இன்னும் இல்ல, அது வேற விசயம். நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு விசயம் சொல்றேன், அவருகிட்டச் சொல்லிராதீங்க... ரோட்டுல போயி லொறியப் பாத்துக்கிட்டு நிக்கிறத அந்த ஆளு நிப்பாட்டியிருந்தாரு. அந்த ஆல்பம் தொடங்குனதுல இருந்து ஒரு நாளும் போயி நிக்கல. அதனாலதான் நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். வாய மூடிக்கிட்டுன்னா... பேசினேன்தான். கொறச்சிப் பேசினேன்.

கடைசியில, "பொஞ்சாதியோட ஒண்ணு இருக்கணும்"ன்னான் ஜீவராஜ். முடியவே முடியாதுன்னேன். அன்னைக்குன்னு பாத்து மீசைக்கு மை பூசுறேன்னு அந்த நாத்தம் புடிச்ச மருந்தக் கரச்சி வச்சிட்டாரு. எனக்குத் தல ரெண்டாப் பொளக்குது. வெறகு ஈரம், அடுப்பு புகையுது. இவரு வந்து, "வா லெட்சுமி, வந்து கொஞ்சம் சிரி"ங்கிறாரு. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து ஒரு தடவ சிரின்னு சொன்னதில்ல. அன்னைக்குச் சொல்றாரு, தல பொளக்குற நேரத்துல! வாசல்ல பெஞ்சுல உக்கார வச்சிட்டாங்க. அவரு பேரப்பிள்ளச் சிரிப்பச் சிரிக்கிறாரு. நான் நெத்தியில கைய வச்சிக்கிட்டு அவர ஒரு பார்வ பாத்தேன். டக்குன்னு படத்த அடிச்சிட்டான் ஜீவராஜ்.

ஆல்பத்துல அந்தப் படத்த வைக்க வேணாம்னுதான் இவரு சொன்னாரு. நான் விடல. ஏன் விடணும்? புகைக்குள்ள இருந்து எழும்பி வந்து உக்காந்திருக்கேன். "என்னைய உக்கார வச்சி எடுத்தீங்கன்னா அதையும் அனுப்பணும். இல்லாட்டி ஆல்பத்த அடுப்புல வைப்பேன்"ன்னுட்டேன். எல்லாப் படத்தையும் கொழும்புக் கம்பனிக்கு ஃபோன்லயே அனுப்பிட்டான்.

கொஞ்ச நாள் கழிச்சி ஒரு ஃபோன். கொழும்புல இருந்து. இவரு எழும்பி வெளிய போயிப் பேசினாரு, வெகு நேரம். உள்ள வந்து, "கூப்புட்டிருக்காங்க"ன்னாரு. அவ்வளவுதான். துள்ளிக் குதிப்பாருன்னு பாத்தேன். அப்பிடியே உக்காந்துட்டாரு. பிறகு, "நீயும் வரணும். நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வை"ன்னாரு. நான் என்னத்துக்குன்னேன். "பெரிய எடத்துக்குத் தனியாப் போறது மரியாத இல்ல"ன்னுட்டாரு.

லயமே தெரண்டு வந்துருச்சி. கோயில்ல தேங்கா ஒடச்சாங்க. ராக்காயி மதினி பொட்டு வச்சி விட்டுச்சி. கணேசமூர்த்தி அண்ணன் அந்தக் கோட்டையே திரும்பக் கொண்டாந்து குடுத்தாரு. இவரு எல்லாருக்கும் கும்புட்டுக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு, பஸ் ஏறுனாரு.

கொழும்புல அந்த எடம்... மாடி வீடு, உள்ள நல்ல குளுரு. நம்ம ஊரு குளுருக்கு ஈடு. அங்க அஸீலான்னு ஒரு பிள்ள, தமிழ் பேசுது. ஓடி வந்து என் கையப் புடிச்சி, "ஆன்டி, வந்தீங்களா! உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்"னுச்சு. எனக்கு வெளங்கல. இவரப் போயிப் பாரும்மான்னேன். "இல்ல ஆன்டி, அங்கிள்கிட்ட நான் அன்னைக்கே ஃபோன்ல சொன்னேனே, உங்க போட்டோதான் செலக்ட்னு. தலவலித் தைல விளம்பரத்துக்கு. அங்கிள் சொல்லலையா?"

தங்கச்சி, நான் திரும்பி அந்த மனுசனப் பாத்தேன். என்னையப் பாக்கல. ஆல்பத்த மடியில வச்சி, லேஞ்சித் துணியால மேல்மட்டையத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு. தூசியே இல்ல அதுல.

தெரிஞ்சிருக்கு! ஃபோன் வந்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சிக்கிட்டு, அந்தக் கோட்டையும் மாட்டிக்கிட்டு, தேங்கா ஒடச்சவங்களுக்கெல்லாம் கும்புட்டுக்கிட்டு, என் கூட வந்திருக்காரு. "ஏன் சொல்லல?"ன்னு அங்கயே கேட்டேன். "சொன்னா நீ வந்திருப்பியா?"ன்னாரு. வந்திருக்க மாட்டேன்தான். அதுக்காக? பொஞ்சாதியப் பொய் சொல்லிக் கூட்டிக்கிட்டு வர்றதா? எனக்குக் கோவம் வருமா வராதா?

சரின்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. மூஞ்சிக்கு நேரா இம்மாம் பெரிய லைட்டு. கையில பிளாஸ்டிக் கூட ஒண்ணக் குடுத்தாங்க, கொழுந்துக் கூடையாம். தலையில துண்டு. கொண்ட போட்ட ஒரு ஆம்பள, அவருதான் பெரியவரு போல. "தலவலிக்கிற மாதிரிப் பாருங்க"ன்னு அஸீலா சொல்லுது. வரவே மாட்டேங்குது. அந்தக் குளுருல எனக்குத் தலவலியே இல்ல, நல்ல சொகமா இருக்கு. பொய்யா எப்பிடி வலிக்கிறது? நெத்தியச் சுருக்குங்கன்னாங்க, கண்ண மூடுங்கன்னாங்க. கொண்டக்காரருக்குப் பொறுமை போயிருச்சி. அப்ப இவரு மூலையில இருந்து எழும்பி, சிங்களத்துல மெதுவா ஏதோ சொல்லிட்டு, கேமராவுக்குப் பக்கத்துல போயி நின்னாரு. நின்னு, கோட்ட இழுத்து விட்டுக்கிட்டு, மீசைய நீவி, என்னையப் பாத்து அந்தப் பேரப்பிள்ளச் சிரிப்பச் சிரிச்சாரு பாருங்க...

வந்துருச்சி தங்கச்சி. தலவலி தன்னால வந்துருச்சி. எல்லாரும் கை தட்டுறாங்க.

அடுத்தது, தைலம் பூசின பிறகு சொகமாகிச் சிரிக்கிற படம். அங்கதான் வில்லங்கம். எனக்கு மேல் பல்லு ஒண்ணு இல்ல. சிரிச்சா கை தானாப் போயி வாயப் பொத்திரும். கைய எடுங்க, கைய எடுங்கன்னாங்க. எடுத்தா சிரிப்பும் போயிருது. கொண்டக்காரரு அஸீலாகிட்ட இங்கிலீசுல மெதுவா ஏதோ சொன்னாரு. அந்தப் பிள்ள மொகம் ஒரு மாதிரியாப் போச்சு, எனக்குச் சொல்லல. இவரு, "என்னா சொல்றாரு?"ன்னு கேட்டாரு. பிறகுதான் சொல்லுது. தலவலிக்கிற படத்துக்கு நான் போதுமாம். சொகமான படத்துக்கு வேற ஒரு பொம்பளைய எடுக்கப் போறாங்களாம். வெள்ளையா, பளிச்சின்னு, வீட்டுத் தோட்டத்துல நிக்கிற மாதிரி.

நான் என்னா, சரின்னு தலையாட்டிட்டேன். எனக்கென்ன, சீக்கிரம் முடிஞ்சா பஸ்ஸப் புடிக்கலாம்.

இந்த மனுசன் ஆட்டல. நேராப் போயி அந்தக் கொண்டக்காரரு முன்னுக்கு நின்னாரு. சத்தம் போடல. சிங்களத்துலதான் சொன்னாரு. எனக்குப் பேச வராட்டியும் கேட்டா வெளங்கும். "ஐயா, இந்த ஆல்பத்துல எத்தன விதமா நான் நிக்கிறேன். ஒண்ணும் வேணாம்னீங்க, சரின்னுட்டேன். ஆனா வலிக்கிறதுக்கு இவ, சொகப்படுறதுக்கு வேற ஒருத்தியா? வலி இவளோடதுன்னா சொகமும் இவளோடதுதான். ரெண்டையும் எடுக்கிறதுன்னா எடுங்க. இல்லாட்டி அந்தக் கூடைய வாங்கிக்கிங்க."

சொல்லிட்டு, என் கையில இருந்த கூடைய வாங்கி மேசையில வச்சாரு. தலத் துண்ட அவரே அவுத்து மடிச்சி வச்சாரு. என் கையப் புடிச்சிக்கிட்டு வெளிய வந்துட்டாரு. முதுகுல தையல் விட்டுப் போயி உள்பனியன் தெரியுது. அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.

சொல்லுங்க! யாரு கேட்டா இவர? ஹட்டன்ல இருந்து நுவரெலியா வரைக்கும் எல்லாக் கடைச் செவுத்துலயும் நான் நெத்தியப் புடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன்! ராக்காயி மதினி பாத்து வயிறெரிஞ்சிருக்கும்! கெடுத்துட்டாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தேன். ஏன் பொய் சொன்னீங்க, ஏன் கூட்டிக்கிட்டு வந்தீங்க, ஏன் கூட்டிக்கிட்டுப் போறீங்கன்னு. அவரு பாட்டுக்கு முன்னுக்கு நடந்தாரு. பஸ்ல ஏறினதும், "என் பக்கத்துல உக்காராதீங்க"ன்னேன். கோவத்துல சொன்னேன். சொன்னா... உக்காராமப் போயிர்றதா? ஒரு பேச்சுக்குச் சொன்னா அப்பிடியே போயி டைவருக்குப் பின்னுக்கு உக்காந்துக்கிட்டா, என்னா அர்த்தம்? காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல அந்த ஆளு. பையில பராட்டா இருக்கு, எங்கிட்டத்தான் இருக்கு. நான் எழும்பிப் போயிக் குடுக்கணுமா? நான் ஏன் போகணும்? அவருக்குக் கால் இல்லையா?

என்ன தங்கச்சி, எந்திரிச்சிட்டீங்க? கித்துல்கலதானே இது, ஹட்டன் இன்னும் தூரம் கெடக்கு. வாந்தி வருதா? தேசிக்கா இருக்கு, மோந்து பாத்தா நிக்கும், இந்தாங்க... இல்லையா? பிறகு எங்க போறீங்க? ஏய்... ஏம்மா... பிள்ள... அவருகிட்ட என்னத்துக்குப் போறீங்க! நான் சொன்னதெல்லாம் சொல்லிராதீங்க! கையக் காட்டி... அவர எழுப்பி... அந்த சீட்டுல அதுவே உக்காந்துக்கிட்டு...

நல்ல பிள்ளதான், போ.

வாங்க. வாங்க, கம்பியப் புடிச்சி வாங்க, வளைவு வருது. ஜன்னல் பக்கம் உக்காருங்க. ஆல்பத்த இப்பிடித் தாங்க, நான் வச்சிக்கிறேன். இந்தாங்க பராட்டா. பேச வேணாம், மொதல்ல சாப்புடுங்க. அந்தப் பொண்ணா? அது ஒண்ணும் பேசாத பொண்ணு. நானும் சும்மாதான் வந்தேன்.

என்னா? யாரு? அஸீலாவா? எப்ப எடுத்துச்சி? அவிசாவளையிலயா? அவிசாவளையில எடுத்த ஃபோன இப்பவா சொல்றீங்க! என்னாவாம்?... ரெண்டும் என்னையவா? சொகத்துக்கும் என்னையவேவா? கொண்டக்காரரு சம்மதிச்சிட்டாராமா?

நீங்க என்னா சொன்னீங்க? சரின்னுட்டீங்கதானே. உங்களப் பத்தித் தெரியாதா, எல்லாத்தையும் நீங்களாவே...

என்னா?

கேட்டுச் சொல்றேன்னீங்களா? யாரக் கேட்டு?

...என்னையவா?

...நானா சொல்லணும்?

...

சும்மா இருங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாதீங்க. நான் யோசிக்கணும்.